பின்கதவுத் தாழ்ப்பாள்

தணிகாசலம் மடத்துக்கு வந்து நாற்பது நாளாகியும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

மற்றவர்கள் வந்த அன்றைக்கே மூட்டையை அவிழ்த்துவிடுவார்கள். பிள்ளைக்கு ஏன் கல்யாணம் கூடிவரவில்லை, வருகிற கோபத்தை என்ன செய்வது, செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்து டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் கேள்வி கேட்டே காலம் தள்ளிய மனுஷனுக்குத் தன் கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை, பாவம்.

மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, நாலு மாமரம். அதன் தலைவி உமையாள் அம்மா. வயது நாற்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைத் தாடியை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். தணிகாசலத்தைவிட இருபது வயது இளையவர், ஆனாலும் அவர் முன்னால் தணிகாசலம் கைகட்டித்தான் நிற்பார்.

சாப்பிட உட்கார்ந்தால் தணிகாசலம் சுவரில் முதுகைச் சாய்த்து, பின்வாசலைப் பார்த்தபடி உட்காருவார். சமையல் செய்யும் பட்டம்மாளுக்கு அது பிடிக்காது.

"போலீஸ்காரய்யா, சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்க. கதவா உங்களுக்குக் குழம்பு ஊத்துது?"

நாற்பத்தொன்றாம் நாள் காலையில் மகள் வான்மதி போன் செய்தாள்.

"அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்துறோம். தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும். எனக்குத்தான் கூடப் பிறந்தவங்க இல்லையே. அம்மாவும் போயிட்டாங்க. உங்க மடிதான்ப்பா."

"பாக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

உமையாள் அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் எனக்குக் காது கேக்காது. இந்தப் பக்கம் வாங்க."

மாறி உட்கார்ந்தார்.

"அம்மா, கொலைகாரன் மாதிரியே ஒருத்தனுக்குக் கண்ணு இருந்தா, அவனுக்குள்ள இருக்கிறது யாரு?"

"யாரோட கண்ணு?"

"என்னோடது."

அப்புறம் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஊரில், இரண்டு மாதத்தில், நாலு வீட்டில் கொலை. நாலு பேரும் தனியாக இருந்த பெண்கள். பட்டப்பகல். எந்த வீட்டிலும் பூட்டு உடையவில்லை. தினம் பேப்பரில் அதுதான் செய்தி. ஊர்ப் பெண்கள் கதவைத் திறக்கவே பயந்தார்கள். நாலாவது வீட்டுச் சமையலறையில் தணிகாசலம் ஒரு மணி நேரம் சும்மா நின்றார். அப்புறம் ஏதோ தோன்றிக் குக்கர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ரப்பர் புதிது. மற்ற மூன்று வீட்டுக்கும் ஓடினார். அங்கேயும் குக்கர் ரப்பர் புதிது.

சைக்கிளில் வந்து ஸ்டவ், குக்கர் ரிப்பேர் செய்கிறவன் அகப்பட்டான்.

"பிடிச்சிட்டீங்க. அப்புறம் என்ன?"

"வாயைத் திறக்கலைம்மா. எட்டு நாள். ஒன்பதாம் நாள் டீ வாங்கிக் கொடுத்துட்டு நானே பேச ஆரம்பிச்சேன். நீ முதல்ல நகையைப் பாக்க மாட்டே, பின்கதவைப் பாப்பே. அப்புறம் பக்கத்து வீட்டுல ஆள் இருக்கான்னு பாப்பே. அப்புறம் எத்தனை மணிக்குக் குக்கர் விசிலடிக்கும்னு கேட்டு வச்சுக்குவே, அப்படின்னு சொன்னேன். அவன் டம்ளரைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சான். 'உங்க கண்ணும் என் கண்ணும் ஒண்ணு சார்'னான். அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டான். நகையைப் புதைச்ச இடத்தையும் அவனே காட்டினான்."

அந்த வழக்குக்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அந்த ஒரு வார்த்தையைத்தான் எங்கே போட்டுப் பூட்டுவது என்று தெரியவில்லை.

"பேத்தி பிறந்து, மக புது வீட்டுக்குக் குடி போனா. பாக்கப் போனேன். பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டினேன்மா. அதுக்குள்ள மனசு ஓட ஆரம்பிச்சுடுச்சு. பின்கதவுத் தாழ்ப்பாள் ஒரு தள்ளுக்குத் தாங்காது. பக்கத்து வீட்டுல பகல்ல ஆளில்லை. பதினோரு மணிக்கு விசிலடிக்குது, கத்தினாலும் தெருவுக்குக் கேக்காது. பச்சைக் குழந்தையைத் தூக்கப் போறப்ப ஒரு மனுஷன் இதையா நினைப்பான்? கையை இழுத்துக்கிட்டேன். அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். இங்க வந்துட்டேன்."

 

உமையாள் அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"என்னைக் கொல்லணும்னா எப்படிக் கொல்லுவீங்க?"

"அம்மா!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எழுந்திரிங்க, காட்டுங்க."

தணிகாசலம் எழுந்தார். எழுந்ததும் குரல் மாறிவிட்டது. அது போலீஸ் ஸ்டேஷன் குரல்.

"இந்தப் பின்கதவு. கொக்கி துருப்பிடிச்சு உள்ளுக்குள்ள ஒடிஞ்சு போயிருக்கு. பாத்தா மாட்டின மாதிரிதான் தெரியும். பத்தரைக்குப் பட்டம்மாள் துணி துவைக்கக் கிணத்தடிக்குப் போவாங்க. நீங்க முறத்தோட இங்க உக்காருவீங்க, கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. இடது காது கேக்காது. இடது பக்கமா வந்தா, பக்கத்துல வர்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது."

கரண்டியோடு உள்ளே வந்த பட்டம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடப்பாவி மனுஷா! நாப்பது நாளா என் கையால தின்னுட்டு, இதையா யோசிச்சுக்கிட்டிருந்தே?"

"குறுக்கப் பேசாதீங்க பட்டம்மா. நல்லாத்தான் சொல்றார். இன்னும் இருக்கா ஐயா?"

"கிணத்துக்குப் போற வழியில பல்பு எரியலை. அது பட்டம்மாளுக்கு ஆபத்து."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

உமையாள் அம்மா உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவைக் கொண்டு வந்தார். அதில் திருகாணிகளும் அவற்றை முடுக்க ஒரு திருப்புளியும், எந்தக் கதவுக்கோ வாங்கிப் போடாமல் விட்ட இரும்புத் தாழ்ப்பாளும் இருந்தன. டப்பாவை அவர் கையில் வைத்தார்.

"சாப்பாட்டுக்குள்ள முடியுமா?"

முடிந்தது. ஒடிந்த கொக்கியைக் கழற்றிவிட்டுத் தாழ்ப்பாளைப் பொருத்தினார். இழுத்துப் பார்த்தார், தோளால் இடித்துப் பார்த்தார், வெளியே போய் எட்டி உதைத்தும் பார்த்தார். கிணற்று வழிக்குப் பல்பு மாட்டினார். அம்மா உட்காரும் பலகையைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். சட்டையெல்லாம் துரு. பசி என்றால் அப்படி ஒரு பசி. இலை போட்டதும் குனிந்தவர்தான், மூன்றாம் முறை ரசம் ஊற்றும்போதுதான் நிமிர்ந்தார்.

"இன்னிக்குக் கதவைப் பாக்கலையே ஐயா" என்றாள் பட்டம்மாள்.

"நான் போட்ட தாழ்ப்பாள்மா அது."

கை கழுவிவிட்டு வந்தவரிடம் உமையாள் அம்மா கேட்டார்.

"மக வீட்டுத் தாழ்ப்பாளைப் பத்தி மககிட்டச் சொன்னீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"எப்படிம்மா சொல்றது? அப்பன் வந்ததும் வராததுமா இதையா பாத்தான்னு நினைக்க மாட்டாளா? யாருக்கும் தெரியாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன்."

"அந்த ஸ்டவ்காரன் நாலு வீட்டுப் பின்கதவையும் பாத்தானே. அந்தப் பெண்கள்கிட்டச் சொன்னானா?"

 தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. மாமரத்தடிக்குப் போய் நின்றார். நாற்பத்தொரு நாளாக அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் மகளும் குழந்தையும் பகலெல்லாம் தனியாக இருக்கிறார்கள். தெரிந்த ஒரே ஆள் இங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். சே, என்ன மடத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"வான்மதி, உன் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லைம்மா. ஒரு தள்ளு தாங்காது."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள்.

"அன்னிக்கே பாத்தேன். பயந்துட்டேன். என்னைப் பாத்தே பயந்துட்டேன். அதான் ஓடி வந்துட்டேன்."

"இதுக்காகவா அப்பா?" அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். "பெண் குழந்தையா பிறந்ததுனால தூக்கப் பிடிக்கலையோன்னு நாங்க நினைச்சுக்கிட்டிருக்கோம்ப்பா. உங்க மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

தணிகாசலம் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஆறு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன அழுகை. பட்டம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பையில் இரண்டு வேட்டி, மகளுக்கு மடத்து மாம்பழம் நாலு. டப்பாவிலிருந்து எடுத்த திருப்புளியைத் துடைத்து உமையாள் அம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். முகத்தில் பழைய பயம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அம்மா, நாளைக்குப் பாப்பாவை மடியில வைக்கிற நேரத்துல மறுபடியும் அந்த நினைப்பு வந்தா?"

"வரும். திருப்புளியைப் பையிலேயே வச்சுக்குங்க."