ஆணி அடித்த கட்டுமரம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் கருவாடு விற்கும் சலேத்தம்மாள். என் மூத்தவளுக்குக் காது குத்திய வருஷம், மாதா கோவில் கொடியேற்றத்துக்கு இருவரும் நடந்து போனபோது சொன்னாள்.

ராஜாவும் வலை இழுத்த அந்தக் காலத்தில், ஒரு கடற்கரையில் மாசிலான் என்றொரு மீனவன் இருந்தான். அவன் மனைவி நாச்சி. அவளுடைய அண்ணன் பவழன்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைப்பார்கள். விடியலில் மறுபடி கட்டுவார்கள். காயாத மரம் நீர் குடித்துக் கனத்துப்போகும் அல்லவா?

மாசிலானுக்கு எரிச்சல். “தினமும் கட்டு, தினமும் அவிழ். போதுமடா சாமி!” என்று இரும்படிக்கும் கருமானைக் கூப்பிட்டு மரங்களைச் சேர்த்து ஆணி அடித்துவிட்டான்.

“மரம் காயணுமே” என்றாள் நாச்சி. கேட்கவில்லை.

“உப்புத்தண்ணியில இரும்பு நிக்குமா?” என்றாள். கேட்கவில்லை.

“எங்கண்ணனையாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்றாள்.

“உங்கண்ணனுக்கு முடிச்சுப் போடத்தான் தெரியும்!”

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வேறென்ன செய்வாள்?

முதல் வாரம் அவன்தான் முதலில் கடலில் இறங்கினான். கரையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த பவழனைக் கேலி செய்தான்: “என்ன மச்சான், தொட்டில் கட்டியாச்சா? பிள்ளையைத் தூங்க வை, நான் மீனோட வந்துடுறேன்!”

இரண்டாம் வாரம் மரத்தைத் தள்ள நாலு பேர் வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் மரத்தின்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. “இன்னிக்குக் கடல் கொஞ்சம் உசரம்” என்றான். இப்படிப்பட்டவனை என்னதான் செய்வது, நீங்களே சொல்லுங்கள்!

அன்று நடுக்கடலில் பேரலை வந்தது. கயிற்றால் கட்டிய மரங்கள் அலையோடு நெளிந்து ஏறி இறங்கின. ஆணி அடித்தது நெளியவில்லை. துருப்பிடித்த இடத்திலெல்லாம் பிளந்தது. நீர் குடித்த மரங்கள் முங்கின. மாசிலான் அலறினான்.

பவழன் துடுப்புப் போட்டு நெருங்கினான். அவன் மரம் ஒரு ஆளைத்தான் தாங்கும். இருவர் ஏறினால் இருவருமே போவார்கள். சட்டென்று ஓரத்து மரத்தின் முடிச்சை அவிழ்த்து, மாசிலானிடம் தள்ளிவிட்டான். நன்றாகக் காய்ந்த மரம், தக்கைபோல் மிதந்தது.

“பிடிச்சுக்க மாப்பிள்ளை! இதுலயும் ஆணி அடிச்சிருந்தா, இப்ப கருமானையில்ல கூப்பிட்டிருக்கணும்!”

அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மாசிலான் கரை சேர்ந்தான். மச்சானுடைய மரங்களின் கயிற்றை அவிழ்த்து, மணலில் பரப்பினான்.

நாச்சி அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இடைவெளி விட்டுப் போடுங்க. காத்து போகட்டும்.”

அலுத்துவிட்டது என்று ஒரு வழக்கத்தைக் கைவிடுமுன், அது எதற்காக வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது கடலில் இருக்கிறவர்களுக்காக, இருந்த இடத்திலேயே ஒரு ஜெபம் சொல்லுங்கள்.