எல்லைக் கல்லருகே ஒரு கைத் தண்ணீர்

அறுவடைக்கு அறுவடை அரசன் மாறிக்கொண்டிருந்த காலம் அது. குதிரைப்படை வருகிறதென்றால் சனங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடி வருகிறவர்களுக்காகவே நெடுவயல் ஊரார் எல்லையில் ஒரு கல் நட்டு எழுதி வைத்திருந்தார்கள்: 'அஞ்சி வந்தவருக்கு இங்கே இடம் உண்டு. உள்ளே இருப்பவர் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.' எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது!

அந்த ஊரில் ஒரு வழக்கமும் உண்டு. கடைசியாகக் குடியேறியவர்தான் புதிதாக வருபவரின் கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைக் குடித்த பிறகே கல்லைத் தாண்டலாம்.

அந்த வருஷம் கடைசியாக வந்தவள் நெசவுக்காரி கொற்றி. முன்பிருந்த ஊரில் காவல்காரன் மழவன், "வந்தேறிக்கு இங்க என்னடி வேலை?" என்று தறியை உடைத்து, குடிசைக்குத் தீவைத்து அவளை விரட்டியிருந்தான். நெடுவயலுக்கு வந்துதான், பாவம், பயமில்லாமல் தூங்கினாள்.

ஒருநாள் காலையில் கல்லுக்கு வெளியே ஒருவன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து நின்றான். பார்த்தால், அதே மழவன்! அவன் ஊரைப் படை கொளுத்திவிட்டதாம். கொற்றியின் கையில் செம்பு ஆடியது.

ஊர்த்தலைவர் கூத்தன் குறுக்கே வந்து நின்றார். "ஊத்தாதே தாயி. உனக்குத்தான் முதல்ல வாக்குக் கொடுத்தோம். இவன் வேற ஊரைப் பார்த்துப் போகட்டும்."

வணிகர் ஐயாறன் விடவில்லை. "வர்றவன் நல்லவனான்னு கல்லு கேக்கலையே! நீ ஊத்தும்மா."

கொற்றி மழவனின் மனைவிக்கும் பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றினாள். அவனிடம் மட்டும் சொன்னாள்: "நீ இந்தக் கல்லடியிலேயே இரு. சோறு நான் கொண்டுவர்றேன். படை வந்தா சத்தம் போடு, ஊரே ஓடிவரும். என் நடுக்கம் நின்னப்புறம் உனக்கு ஊத்துறேன்."

விரட்டச் சொன்னவர் ஒருவர், சேர்க்கச் சொன்னவர் ஒருவர், காத்திருக்கச் சொன்னவள் ஒருத்தி. சொல்லுங்கள் பார்ப்போம், மூவரில் யார் செய்தது சரி?

விடை: கொற்றி செய்ததுதான். பெரிய மனிதர்கள் இருவரும் கல்லில் ஆளுக்கொரு வரியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். பயந்து நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளோ அவன் உயிரையும் காத்தாள், தன் தூக்கத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. சில நாள் கழித்துச் சோறு வாங்க நீட்டிய அவன் கை வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அட, என்னைவிடப் பயந்தவனா இருக்கியே! கையைச் சேர்த்துப் பிடி," என்று தண்ணீரை ஊற்றினாள்.