மூன்று மூட்டை மஞ்சள்

முதலில் வம்புக்கு வந்தவர் பண்ணையார் வையாபுரிதான். தன் நிலத்தில் ஓடையை மறித்து மண்ணால் ஓர் அணை கட்டினார். அடுத்து பெய்த மழைக்கே, அணைக்குக் கீழே வறண்டு கிடந்த என் கிணறு ஊறியது. எங்கள் தெருவே வந்து இறைத்துக் குடித்தது. பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. ஊரைக் கூட்டினார்.

"ஏ குப்பாண்டி, உன் கிணத்துல கிடக்கிறது என் அணைத் தண்ணி. எடுத்ததையெல்லாம் திருப்பி ஊத்து. இல்லேன்னா கிணத்தை மூடு."

"ஊத்திடுறேன் மொதலாளி. ஆனா உங்க தண்ணி எதுன்னு தெரியணுமே. அணையில மஞ்சளைக் கரைச்சு விடுங்க. கிணத்துல மஞ்சளா வர்றதை ஒரு சொட்டு விடாம சுமந்து வந்து ஊத்துறேன்."

"வரலேன்னா என் கையால உனக்கு ஒரு குடம் இறைச்சுத் தர்றேன்டா" என்றார் எல்லோர் முன்னாலும்.

மூன்று மூட்டை மஞ்சளைக் கொட்டிக் கரைத்தார். மண் வடிகட்டும் என்பது மண் வெட்டிப் பிழைக்கிற எனக்குத் தெரியும். பத்து நாளாகியும் கிணறு பளிங்காகவே இருந்தது. அணையில் துவைத்த பண்ணையார் வேட்டிகள்தான் அத்தனையும் மஞ்சளாயின. வேறு வழியில்லாமல் அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

"அறுபதாங் கல்யாணமா மொதலாளி? எங்களுக்குச் சொல்லவே இல்லியே" என்றாள் எதிர்வீட்டுப் பூவாயி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கிணற்றை மூடும் பேச்சு போன இடம் தெரியவில்லை.

எட்டு வருஷமாகிறது. தெரு இன்றும் என் கிணற்றில்தான் இறைக்கிறது. எனக்கு வரவேண்டிய குடம் மட்டும் வரவில்லை. பண்ணையாரை எதிரே பார்த்தால் காலிக் குடத்தை நீட்டுகிறேன். அவர் வேறு தெருவுக்குள் திரும்பிவிடுகிறார்.