சம்பந்தியம்மாளுக்குப் பாத்தி கட்டியது

திருவைகுண்டத்து வாழைத்தோட்டத்தில் இருந்த அறிவு முழுவதும் ஒருநாள் விமானம் ஏறி ஹங்கேரிக்குப் போனது. போனவர்கள் மூவர்: சூசை, அவர் தம்பி மிக்கேல், மைத்துனர் சவரி. சூசையின் மகள் ஜெசிந்தா அங்கே வேலை பார்த்த இடத்தில் காபோர் என்ற பையனை விரும்பியிருந்தாள். பையனின் தாய் இலோனா அம்மாள் சம்மதம் சொல்ல வேண்டும். சூசைக்கு வழியெல்லாம் ஜெபமாலைதான்.

போய் இறங்கிய அன்று இலோனா அம்மாள் வீட்டில் விருந்து. கிளாஸைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பதுதான் அந்த ஊர் மரியாதை என்றாள் ஜெசிந்தா. சவரி கண்ணை எடுக்கவே இல்லை. அப்படியே சூப்பையும் குடித்தார். பாதி சட்டைக்குப் போனது.

மறுநாள் ஈஸ்டர் திங்கள். அன்றைக்கு ஆண்கள் வீடுவீடாகப் போய், பெண்கள் பூப்போல வாடாதிருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். பெண்கள் சிவப்பு முட்டை கொடுப்பார்கள். காபோரோடு அவன் சித்தி வீட்டுக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா சொல்லிவிட்டுப் போனாள்:

"இலோனா அத்தைக்கு நீங்கதாம்ப்பா தண்ணி விடணும். பூச்செடிக்கு விடுத மாதிரி பக்குவமா விடுங்க. அவங்க முட்டை குடுத்தா சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்."

சூசை சொம்பை எடுத்தார். மிக்கேல் தடுத்தார்.

"உச்சி வெயில்ல விட்டா வேர் வெந்துரும்ணே."

நியாயம்தானே. இலோனா அம்மாள் புது உடுப்போடு தோட்டத்து நாற்காலியில் காத்திருந்தார். தெருவில் மற்றப் பெண்களெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் முகம் சுருங்கச் சுருங்க, சூசை வெயிலை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்.

"வாடுது மச்சான்" என்றார் சவரியிடம்.

வெயில் தாழ்ந்ததும் ஆலோசனை கூடியது. தலையில் ஊற்றலாமா என்றார் சூசை.

"தலையில ஊத்துனா பூ உதிர்ந்துராதா அத்தான்? தூர்லதான் விடணும்" என்றார் சவரி.

"பாத்தி இல்லாம விட்டா தண்ணி நிக்குமா?" என்றார் மிக்கேல்.

மூன்று மூளை சேர்ந்தால் சும்மாவா. மண்வெட்டி வந்தது. நாற்காலியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டினார்கள். இந்திய முறை போலும் என்று இலோனா அம்மாள் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார். வெறும் தண்ணீர் சத்துக்கு ஆகாதென்று சவரி கோழிக்கூண்டைச் சுரண்டி எரு கொண்டுவந்தார். சூசை சிலுவை போட்டுக்கொண்டு வாளியைச் சாய்த்தார்.

ஜெசிந்தாவும் காபோரும் திரும்பி வந்தபோது சம்பந்தியம்மாள் கணுக்கால் வரை சேற்றில் இருந்தார். ஜெசிந்தா தலையில் கைவைத்து நின்றுவிட்டாள். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தாள்.

இலோனா அம்மாள் அவளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். சொம்புத் தண்ணீரோடு கடமையை முடித்துக்கொள்கிறவர்களைத்தான் இத்தனை வருஷமும் பார்த்ததாகவும், இந்தப் பண்டிகைக்கு ஒருவரும் இவ்வளவு பாடுபட்டதில்லை என்றும் சொல்லி, மூவருக்கும் சிவப்பு முட்டை கொடுத்தார்.

ஜெசிந்தாவுக்கு உயிர் வந்தது. "விடியக்காலம் ப்ளைட்டுப்பா. வாங்க, பெட்டி கட்டுவோம்."

சூசை முட்டையைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"எப்படிம்மா வர முடியும்? இப்பத்தான் வேர் பிடிக்குது. ஒரு துளிர் விடுததப் பாத்துட்டு வாறோம்."

காற்று பலமாக அடித்தது. சவரி முட்டுக்கொடுக்க ஒரு கம்பை ஊன்றினார். இலோனா அம்மாள் விருந்தாளி மனம் கோணவிடாதவர். கயிறு கட்ட வாகாகக் கையைத் தூக்கிக் கொடுத்தார்.