வீரப்ப பூபதியின் சொந்தத் தாளம்

காராம்பாளையத்தை ஆண்ட வீரப்ப பூபதிக்கு எல்லாமே தன் பெயரில் இருக்க வேண்டும். குளத்துக்கு அவர் பெயர், சத்திரத்துக்கு அவர் பெயர், அரண்மனை யானைக்கும் அவர் பெயர்தான். யானை மிரண்டு ஓடினால் அதைத் திட்டவும் முடியாமல் பாகன் பட்ட பாடு தனிக்கதை.

அந்த அரண்மனையில் பாட்டுக் கட்டுகிறவன் தீத்தாரப்பன். வாயும் பெரிது, வயிறும் பெரிது. சம்பளம்கூட அவனுக்கு அப்புறம்தான். அரண்மனைப் பந்தியில் முதல் இலை அவனுடையது என்பதுதான் பெருமை. அந்த இலைமேல், சபையில் இருந்த அகோரம் பண்டிதருக்கு வெகுநாளாக ஒரு கண். தன் மருமகனை அங்கே உட்கார்த்தி வைக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னரின் பிறந்தநாளுக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்ற பேச்சு வந்தது. பண்டிதர் மெல்ல ஆரம்பித்தார். குளம் இருக்கிறது, சத்திரம் இருக்கிறது, மகாராஜா பெயரில் ஒரு தாளம்தான் இல்லை என்று பெருமூச்சு விட்டார். மன்னருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே கட்டளை பிறந்தது. பாட்டும் புதிது, தாளமும் புதிது. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஊரில் புழங்குகிற எந்த எண்ணிக்கையிலும் அது அடங்கக் கூடாது. மெதுவாகப் போகக் கூடாது, வேகமாகப் போகக் கூடாது, நடுத்தரமாகவும் போகக் கூடாது. பதினொன்று வைத்துக்கொள்ளட்டுமா என்று தீத்தாரப்பன் கேட்டுப் பார்த்தான். அது நான்கையும் ஏழையும் சேர்த்துத் தைத்த ஒட்டுத்துணி, மகாராஜாவுக்கு ஒட்டுப்போட்டதா கொடுப்பது என்றார் பண்டிதர்.

"மகாராஜா, எந்தத் தாளம், எந்த நடை என்பதைப் பாட்டுதான் சொல்லும். நாம் சொன்னால் அது கேட்காது" என்றான் தீத்தாரப்பன்.

"அது கேட்காவிட்டால் போகட்டும், நீ கேள்" என்றார் மன்னர். "பிறந்தநாளன்று தாளம் வரவில்லை என்றால் உன் இலை பண்டிதரின் மருமகனுக்கு."

தீத்தாரப்பன் வீட்டுக்குப் போய்த் தொடையில் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான். மூன்றில் போட்டால் பாட்டில் வீரப்ப பூபதி நொண்டிக் குதிரையில் குதித்துக்கொண்டு போனார். ஏழில் போட்டால் படி தவறி விழுந்தார். மெதுவாக இழுத்தால் ஒப்பாரி மாதிரி இருந்தது. ஓடவிட்டால் வீடு பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. நான்கில், சாவதானமான நடுநடையில் வைத்தவுடன் பாட்டு பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதுதான் கூடாதே.

தட்டித் தட்டித் தொடை கன்றிப்போயிற்று. அவன் மனைவி கோமதி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, பெயர் வேண்டும் என்கிறவர் தாளத்தையும் அவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று முணுமுணுத்தாள். தீத்தாரப்பன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு வலியெல்லாம் மறந்து, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான்.

பிறந்தநாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. பாடகி மரகதமும் மிருதங்கக்காரர் நாகலிங்கமும் தயாராக இருந்தார்கள். பண்டிதர் மன்னரின் காலடியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"தாளம் மகாராஜாவின் சொத்து. அதில் வேறு யாரும் கை வைக்கலாமா?" என்றான் தீத்தாரப்பன். "உங்கள் கை எப்போது விழுகிறதோ அப்போது அடி. எப்படி விழுகிறதோ அதுவே வேகம். எந்த எண்ணிக்கையிலும் அடங்காது."

மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொடையில் ஓங்கித் தட்டினார். மரகதம் "வீ" என்று எடுத்தாள். அடுத்த அடி போடாமல் மன்னர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அதுவரை "வீ" நீண்டுகொண்டே போயிற்று. மரகதத்தின் கண் பிதுங்கியதைப் பார்த்து அவசரமாகத் தட்டினார். "ர" வந்தது. வெற்றிலை போட்டுக்கொள்ளக் கையை எடுத்தார். நாகலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது. மன்னரின் முழங்கையில் கொசு கடித்தது. பட்பட்டென்று அடித்தார். பாட்டு நான்கு கால் பாய்ச்சலில் ஓடி, கொசு செத்ததும் நின்றுவிட்டது.

அடுக்களையிலிருந்து பாயச மணம் வந்தது. மன்னர் தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளங்கை சிவந்து எரிந்தது. பாட்டோ அவர் பெயரைக்கூட இன்னும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.

"இதை எப்படியப்பா முடிப்பது?" என்று கேட்டார் மன்னர்.

"தாளம் ஒரு சுற்றுச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கு வந்தால் முடிக்கலாம், மகாராஜா. உங்கள் தாளத்தில் அந்த இடம் எது?"

மன்னர் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் கூரையைப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து இன்னொரு கொசு வந்து பண்டிதரின் வழுக்கைத் தலையில் உட்கார்ந்தது. மன்னரின் கை பழக்கத்தில் இறங்கியது. கணீரென்று ஒரு சத்தம். நாகலிங்கமும் கடமை தவறாமல் மிருதங்கத்தில் ஓர் அறை விட்டார்.

தீத்தாரப்பன் பணிவாகக் குனிந்தான். "கை எரிகிறதே என்று கவலைப்பட்டேன். தொடையைவிட இது நயமாகப் பேசுகிறது. மகாராஜா இதிலேயே தொடரலாம். இந்தத் தாளத்துக்கு ஆசைப்பட்டவரும் பண்டிதர்தானே."

மன்னரின் கை மறுபடி உயர்ந்தது. பண்டிதர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

"மகாராஜா, நான்கு போதும். நடுத்தரமாகவே போகட்டும். என் மருமகனுக்கு எங்கள் வீட்டிலேயே இலை இருக்கிறது."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கியது. சிரித்தவர் தொடையில் தட்டித் தொலைத்தார். பாட்டு மறுபடி கிளம்பிவிட்டது. இரண்டு காவலர்கள் வந்து மன்னரின் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மரகதம் மூச்சு விட்டாள்.

அப்புறம் அதே பாட்டை நான்கில், சாவதானமாகப் பாடினார்கள். சபையில் தலையாட்டாதவர் யாரும் இல்லை. பண்டிதர்கூட ஆட்டினார், கொஞ்சம் ஜாக்கிரதையாக. மன்னர் தன் கைத் தோடாவைக் கழற்றித் தீத்தாரப்பனுக்குப் போட்டார். முதல் இலை ஆயுசுக்கும் அவனுக்கே என்று அறிவித்தார்.

பந்தியில் மன்னரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. உள்ளங்கை அப்பம்போல வீங்கியிருந்தது. ராணி ஊட்டிவிட, வாய் நிறைய வைத்துக்கொண்டு அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

"பாட்டு நான்கில்தான் உட்காரும் என்று நீ அன்றைக்கே எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கலாம்."

தீத்தாரப்பன் பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னான்:

"சொல்லியிருக்கலாம், மகாராஜா. அன்றைக்கு உங்களுக்குக் கை வலிக்கவில்லையே."