எறும்பு சொன்ன சாட்சி

மருதங்குளம் ஜமீன்தாருக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். அவருடைய ஒரே மகள் குமுதவல்லிக்கு ஏழு வயதில் நான்கு பல் சொத்தை. சோற்றை மெல்லும்போதெல்லாம் அழுதாள்.

அரண்மனை வைத்தியர் சிங்காரம் பழியைச் சமையல்காரி செங்கமலத்தின் மேல் போட்டார்.

"எசமான், இவ குழந்தைக்குக் கொய்யாக்காயும் அதோட கொழுந்து எலையும் மெல்லக் குடுக்கிறா. பல்லுப் புழு அதைத் தின்னுதான் வளருது. பல்லு உறுதிக்குன்னு சின்னதிலேருந்து நான் குடுக்கிற லேகியம் ஆலும் வேலும் இடிச்சது!"

ஜமீன்தார் கண்ணைச் சுருக்கினார்.

"செங்கமலம், புழு எதைத் தின்னுதுன்னு பொழுது சாயறதுக்குள்ள காட்டு. இல்லேன்னா ஊரைவிட்டுப் போ."

"புழு என் கண்ணுக்குத் தெரியாதுங்க. ருசி தெரிஞ்சவங்களைக் கூப்பிடறேன்" என்றாள் அவள்.

கூடத்து மூலையில் ஒரு தட்டில் கொய்யாக்காயும் இலையும் வைத்தாள்; இன்னொரு தட்டில் லேகியம். யாரையும் நம்பாத ஜமீன்தார் தானே காவலுக்கு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் எறும்புகள் சாரைசாரையாக வந்தன. கொய்யாவைச் சுற்றிக்கொண்டு போய் லேகியத்தை மொய்த்தன.

செங்கமலம் பணிவாகக் கேட்டாள்: "வைத்தியரய்யா, ஆலும் வேலும் துவர்க்குமே. அங்கே எறும்புக்கு என்ன வேலை?"

ஜமீன்தார் லேகியத்தைத் தொட்டு நக்கினார். வெறும் வெல்லப்பாகு!

"துவர்த்தா குழந்தை தின்னாதுன்னு..." என்று வைத்தியர் மென்று விழுங்கினார்.

லேகியம் நின்றது, கொய்யா தொடர்ந்தது. குமுதவல்லிக்கு அடுத்து முளைத்த பற்களில் ஒன்றும் சொத்தையாகவில்லை. வைத்தியரையும் ஜமீன்தார் துரத்தவில்லை. அவர் எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும், தரையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு எறும்புக்காகக் காத்திருந்தார்.