மூங்கில் உள்ளே வெறுமையான கதை

அந்தக் காலத்தில், மரமும் செடியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, மூங்கிலின் உள்ளே கரும்பைப் போல இனிப்பான சதை, அதன் சோறு, நிறைந்திருந்தது. அதற்குக் கணு ஒன்றும் கிடையாது.

சீன தேசத்து மஞ்சள் ஆற்றங்கரையில் ஜீலான் என்றொரு பெண் இருந்தாள். எழுத்து பிறக்காத நாள் அது. முதல் மனிதர் எப்படி வந்தார்கள், தீயை யார் கண்டுபிடித்தார்கள், எந்தக் கீரை விஷம், எந்த வேர் காய்ச்சலைத் தணிக்கும் என்பதையெல்லாம் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். நாற்பது கயிறுகள். அவற்றைக் காப்பது ஜீலானின் வேலை.

ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்தது. ஊரார் கடைசிப் படகில் ஏறினார்கள். ஜீலான் கயிற்றுக் கூடையோடு ஏறியபோது, இடுப்புவலி கண்ட ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு அவள் கணவன் ஓடி வந்தான்.

படகில் இனி இடமில்லை. ஊர்த்தலைவர் தாவ் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கூடையைப் போட்டுவிடு அம்மா. ஆள் பிழைத்தால் போதும்."

"முடிச்சு போனால், நாம் யார் என்றே தெரியாமல் போய்விடும் ஐயா" என்றாள் ஜீலான். கூடையோடு இறங்கிக்கொண்டு, தன் இடத்தையும் கூடையின் இடத்தையும் அந்த இருவருக்கும் விட்டாள்.

படகு போய்விட்டது. அவள் மேட்டின்மேல் ஏறினாள். நனைந்தால் கயிறு அழுகிவிடும். கயிறுகளை உள்ளே வைத்துக் காக்க முடியுமா என்று அங்கிருந்த தேவதாரு மரத்தைக் கேட்டாள்.

"என் வைரம் பாய்ந்த கட்டையைக் குடையவா? முடியாது" என்றது தேவதாரு.

பக்கத்திலிருந்த மூங்கில் மெல்லக் கூப்பிட்டது. "ஜீலான், இங்கே வா. என் சோற்றை வெளியே விட்டுவிடுகிறேன். உன் கயிறுகளை உள்ளே வை."

"உனக்கு வலிக்காதா?"

"வலிக்கும். மூன்று கோடை மழையில்லாமல் கிடந்தேன். நீ ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினாயே, உன்னை யாராவது ஊற்றச் சொன்னார்களா?"

மூங்கில் தன் தோலைக் கீறிக்கொண்டது. இனிப்பு நீராகக் கரைந்து வழிந்தது. ஜீலான் ஒவ்வொரு கயிறாக உள்ளே வைக்க, மூங்கில் கீறலைச் சேர்த்துக்கொண்டு, மேலும் கீழும் இறுக்கி மூடிக்கொண்டது. மூடிய இடமெல்லாம் கணுவாகப் புடைத்தது.

தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது.

"இப்போது என்னை வெட்டு" என்றது மூங்கில். "கயிறு போக உள்ளே காற்றுதான். மிதப்பேன். நீயும் பிடித்துக்கொள்ளலாம்."

ஜீலான் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள். "உன்னை எப்படி வெட்டுவேன்?"

"வேரில் ஒரு துண்டை மண்ணோடு எடுத்துக்கொள். நான் அதில் இருப்பேன். சீக்கிரம்!"

அவள் அழுதுகொண்டே வெட்டினாள். வேர்த்துண்டை மடியில் கட்டிக்கொண்டு, மூங்கிலைத் தழுவியபடி வெள்ளத்தில் விழுந்தாள்.

மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் ஒதுங்கினாள். அங்கே ஊரார் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார்கள். புதிதாய்ப் பெற்றவளும் பிள்ளையும்கூட நெருப்பாகக் கொதித்தார்கள். எந்த வேர் என்று யாருக்கும் நினைவில்லை. ஜீலான் மூங்கிலைப் பிளந்தாள். ஒரு கயிறும் நனையவில்லை. முடிச்சுகளைத் தடவித் தடவிப் பார்த்து வேரின் பெயரைச் சொன்னாள். தாவ் அதைத் தோண்டி எடுத்து வந்தார். ஊர் பிழைத்தது.

மடியிலிருந்த வேரை அவள் அந்த மண்ணிலேயே நட்டாள். குருத்து வந்து, வளர்ந்து நின்றது. தட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"ஐயோ, உன் சோறு திரும்ப வரவில்லையா?"

"வேண்டாமென்று விட்டுவிட்டேன்" என்றது மூங்கில். "இடம் இருக்கட்டும். யாருக்காவது எதையாவது காப்பாற்ற வேண்டிவரும்."

ஜீலான் இரண்டு கைகளையும் கூப்பி, தலை தாழ்த்தி நின்றாள். ஊர் முழுவதும் அவள் பின்னால் தலை தாழ்த்தியது.

அன்று முதல்தான் மூங்கில் உள்ளே வெறுமையாகவும் கணுக்கணுவாகவும் வளர்கிறது. பிற்காலத்தில் எழுத்து பிறந்தபோது அந்த நாட்டார் தங்கள் ஆதிக் கதைகளை மூங்கில் பத்தைகளில் எழுதிக் கயிற்றில் கோத்ததும், அந்தச் சுருளை விரிக்கும் முன் ஒருமுறை தலை தாழ்த்தியதும் அதனால்தான்.